கினோசாகி வெந்நீர் விடுதிகள்: புதுச்சேரியிலிருந்து போகிறவர்களுக்கு

வைசியாள் வீதித் திண்ணை வீடுகளை நின்று ரசிப்பவர்களுக்கு ஜப்பானின் வெந்நீரூற்று ஊரான கினோசாகி கட்டாயம் பிடிக்கும். 1925 நிலநடுக்கத்தில் அழிந்த ஊரை மறுபடி மரத்தாலேயே எழுப்பியிருக்கிறார்கள். ஒசாகாவிலிருந்து ரயிலில் 3 மணி நேரத்துக்குள் போய்விடலாம். விடுதியில் தங்கினால் ஊரிலுள்ள பொதுக் குளியல் இல்லங்களுக்கும் அனுமதி இலவசம். பச்சை குத்தியவர்களுக்கும் இங்கே தடையில்லை. ஜப்பானில் இது அபூர்வம்.

குளியலில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்பு நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். உடம்பில் துணி கூடாது. ஆண், பெண் தனித்தனி. கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், சின்னத் துண்டை மடித்துத் தலைமேல் வையுங்கள், இரண்டும் நீரில் படக்கூடாது. தண்ணீர் 42 டிகிரி வரை இருக்கும். முதல் தடவை 5 நிமிடம் போதும். ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குவதால், சட்டென எழுந்தால் தலை சுற்றும்.

யுகாதா அங்கியில் வலது பக்கம் உள்ளே, இடது பக்கம் மேலே. மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கான முறை!

கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, தலைக்கு. இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்து. சைவர்கள் முன்பதிவின்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். வேகவைத்த கீரையில்கூட மாசிக் கருவாடு மாதிரியான மீனில் எடுத்த சாறு இருக்கும். அங்கே போய்ச் சொன்னால் வெறும் சோறுதான் மிஞ்சும்.