வரலாறு ஒருதலையாகச் சொல்லப்படும்போது கைகொடுக்கும் ஓர் இலவசப் பாடத்தொகுப்பு

வகுப்பிலோ அலுவலகப் பயிற்சியிலோ வரலாற்றை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்லும்போது, "இது தப்பு" என்று எழுந்து சொல்பவர்கள் உண்டு. "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்தக் கேள்விக்குத் தயார்செய்யும் வகையில் எங்களுக்குத் தெரிந்து மிக உருப்படியானது 'ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்' பாடத்தொகுப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தொடங்கிய குழுவின் தயாரிப்பு இது. குழு இப்போது 'டிஜிட்டல் இன்குயரி குரூப்' என்ற பெயரில் தனியாக இயங்குகிறது. தளத்தில் பதிவுசெய்தால் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மையக் கேள்வி, அதைச் சுற்றிச் சில சான்றாவணங்கள். நான்கு பழக்கங்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்: யார், எப்போது, ஏன் எழுதினார் என்று பார்ப்பது, எழுதிய காலச் சூழலில் வைத்துப் பார்ப்பது, வேறு சான்றோடு ஒப்பிடுவது, சொற்களை உன்னிப்பாக வாசிப்பது.

போகஹாண்டஸ் பாடத்தைப் பாருங்கள். அவள் வர்ஜீனியாவில் அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகள். அங்கே குடியேற வந்த ஆங்கிலேயர் ஜான் ஸ்மித்தின் உயிரை அவள் காப்பாற்றினாளா என்பது கேள்வி. 1607 கடைசியில் அந்தப் பூர்வகுடிகளால் சிறைபிடிக்கப்பட்டவர் ஸ்மித். 1608-இல் வெளியான அவருடைய விவரிப்பில் தலைவர் அன்பாக வரவேற்றார் என்று இருக்கிறது. காப்பாற்றிய சம்பவமே இல்லை. 1624-இல் அச்சான அவருடைய நூலில் அது வந்துவிடுகிறது. அவளோ 1617-லேயே இறந்துவிட்டாள். இரண்டையும் அருகருகே வைத்தாலே வகுப்பு பேசத் தொடங்கிவிடும். பாடம் அதோடு நிற்பதில்லை: ஸ்மித் கதை கட்டினார் என்பவர், அவர் சொன்னது உண்மை என்பவர் என இரண்டு வரலாற்றாசிரியர்களையும் மோதவிடுகிறது. ஆகவே இதைப் படித்தவர் "முழுப் பொய்" என்று கத்தமாட்டார். "இது உறுதியாகாத செய்தி, உறுதியானதுபோல் எழுதியிருக்கிறீர்கள்" என்பார். அப்படிச் சொன்னால் எதிராளியால் எளிதில் தள்ளிவிட முடியாது.

அதே குழுவின் சிறு தேர்வுத்தாள்களும் நல்லவை. 1621-இல் அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைக் காட்டும், ஃபெரிஸ் என்ற ஓவியரின் படத்தைக் கொடுத்து, இரு தரப்பாரின் அக்காலத்து உறவை அறிய இது உதவுமா என்று கேட்கிறார்கள். ஓவியம் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வாம்பனோக் மக்கள் தரையில் உட்கார்ந்திருக்க, குடியேறிய பெண் தட்டை நீட்டுகிறாள். ஏறத்தாழ 300 ஆண்டு இடைவெளியைக் கவனிக்காமல் படத்தின் அழகை விவரித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். அலுவலக ஸ்லைடுகளில் வரும் படங்களுக்கும் இதே சோதனை செல்லும்.

குறைகளும் உண்டு, சில பெரியவை. அமெரிக்க வரலாறே தூக்கலாக இருக்கிறது. தமிழில் எதுவும் இல்லை. இதைவிட முக்கியமானது, எழுத்தில் எதையும் விட்டுச்செல்லாதவர்களின் குரலை இந்த முறை எளிதில் எட்டாது. போகஹாண்டஸ் பாடத்திலேயே இரண்டு மூலங்களும் ஸ்மித் எழுதியவைதான். ஆசிரியர் "இங்கே யார் பேசவே இல்லை?" என்ற கேள்வியைத் தானாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல்: மாணவர்களுக்காகப் பல ஆவணங்களின் நடையை எளிமையாக்கிச் சுருக்கியிருக்கிறார்கள். அந்த வடிவத்தை மேற்கோள் காட்டி மேலாளரிடமோ தலைமையாசிரியரிடமோ போனால், மூலத்தில் அந்தச் சொற்கள் இல்லை என்று மடக்கிவிடுவார்கள். மூலப் பிரதியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

எப்படிப் பேசுவது என்பதை இத்தொகுப்பு கற்றுத்தராது. அதற்கு எங்கள் வழி இது. முழுப் பாடத்தையும் தாக்காமல் ஒரே ஒரு வாக்கியத்தைக் குறியுங்கள். "இந்த வரிக்கு மூலம் எது?" என்று முதலில் கேளுங்கள், பதிலுக்கு இடம் கொடுங்கள். பிறகு முரண்படும் சான்றை ஒரு பக்கத்துக்குள் கொடுத்து, மாற்று வாக்கியத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். மாற்று வரி கையில் இல்லாத ஆட்சேபணை "பார்க்கலாம்" என்ற பதிலோடு கிடப்பில் போய்விடும். கூட்டத்தில் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள்.