உப்பு தூக்கலான சாம்பாரும் இரண்டு விதப் பேச்சும்

சாம்பாரில் உப்பு தூக்கல். “உனக்கு எப்பவுமே கவனம் கிடையாது” என்பது ஒரு வழி. “இன்னைக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு, தயிர் இருக்கா?” என்பது இன்னொன்று. சொல்லும் குறை ஒன்றுதான். முதல் பேச்சு ஆளைக் குறிவைக்கிறது. அந்த ‘எப்பவுமே’ போதும், பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். தலைதீபாவளிச் சீர் வரைக்கும் போகும். இரண்டாவது சாம்பாரோடு நின்றுவிடும்.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். நிலைத்த மணவாழ்வில், சண்டைக்கு நடுவிலும் ஒரு கசப்புக்கு 5 இனிமை இருந்தது என்கிறார். அதற்காக விரல்விட்டு எண்ண வேண்டாம்.

வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதும் கனிவு இல்லை. தட்டைத் தள்ளும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். என் ஓட்டு இரண்டாவதுக்குத்தான். பசி நேரத்தில் மட்டும் முதலாவது முந்திக்கொள்கிறது.