ஆயுதமா, பயிற்சியா: எந்த ராணுவ உதவிக்குப் பலன் அதிகம்?

ஒரு வல்லரசு இன்னொரு நாட்டு ராணுவத்துக்கு அள்ளிக் கொடுப்பது தர்மத்துக்கு இல்லை, அவர்கள் தன் பேச்சைக் கேட்கட்டும் என்றுதான். அப்படியென்றால் எதைக் கொடுத்தால் கேட்பார்கள்?

முதலில் ஆயுதம். இஸ்ரேலுடன் 1979-ல் அமைதி ஒப்பந்தம் போட்ட எகிப்துக்கு, 1987 முதல் அமெரிக்கா ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் ராணுவ உதவி ஒதுக்கி வருகிறது. ஒப்பந்தம் இன்றுவரை நிற்கிறது, அந்த வகையில் லாபம்தான். ஆனால் 2013-ல் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது ஒபாமா அரசு எஃப்-16 விமானங்களை நிறுத்திவைத்துப் பார்த்தது. கெய்ரோ அசரவில்லை, 2015 பிப்ரவரியில் பிரான்ஸிடம் 24 ரஃபேல் வாங்கக் கையெழுத்துப் போட்டது, அடுத்த மாதமே வாஷிங்டன் தடையை விலக்கிக்கொண்டது. கடிவாளம் யார் கையில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பயிற்சிக்குச் செலவு குறைவு. ஆனால் 2012-ல் மாலியில் ஆட்சியைக் கவிழ்த்த கேப்டன் சனோகோ அமெரிக்காவில் பயிற்சி பெற்றவர்தான்.

சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? ஆப்கானிஸ்தானில் அதைத்தான் செய்தார்கள், 8,000 கோடி டாலருக்கு மேல் கொட்டி. அங்கே எனக்கு உறுத்துவது ஹெலிகாப்டர் கதை. ரஷ்யத் தயாரிப்பான எம்ஐ-17 ஆப்கன் மெக்கானிக்குகளுக்குக் கைவந்த வண்டி, பெரும்பாலான பழுதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதை மாற்றி அமெரிக்க பிளாக் ஹாக்கைக் கொடுத்தார்கள், அதன் பராமரிப்பு கிட்டத்தட்ட முழுக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் கையில். 2021-ல் அவர்கள் கிளம்பியதும் விமானப்படையே முடங்கத் தொடங்கியது. போதாததற்குச் சம்பளப் பட்டியலில் ஆளே இல்லாத வெறும் பெயர்கள் வேறு.

கொலம்பியாவைப் பாருங்கள். போதைக் கடத்தலையும் கொரில்லாக்களையும் (அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்களை) ஒடுக்க, 2000-ல் தொடங்கிய அமெரிக்க உதவித் திட்டமான 'பிளான் கொலம்பியா'விலும் ஹெலிகாப்டர், பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் செலவில் பெரும்பங்கு கொலம்பியாவே போட்டது, 2002-ல் பணக்காரர்கள் மீது தனி வரியே விதித்தார்கள், ஹெலிகாப்டர்களை ஓட்டுவதும் பராமரிப்பதும் படிப்படியாக உள்ளூர்க்காரர்கள் கைக்குப் போனது. என் ஓட்டு இந்த வழிக்குத்தான்: வாங்குகிறவர் தன் பணத்தையும் போடட்டும், பழுதுபார்க்கத் தெரிந்த பொருளாகக் கொடுங்கள்.

அதற்காக இதைக் கொண்டாடவும் முடியாது. 2002 முதல் 2008 வரை குறைந்தது 6,402 அப்பாவிகளைக் கொன்று, கொரில்லாக்கள் என்று அந்த ராணுவம் கணக்குக் காட்டியதாக உள்நாட்டுப் போர்க் குற்றங்களை விசாரிக்கும் அந்நாட்டு அமைதித் தீர்ப்பாயமே சொன்னது. மனித உரிமையை மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்ற அமெரிக்காவின் லேஹி சட்டம் 1997 முதலே இருக்கிறது, இருந்தும் இது நடந்தது.