செங்கோட்டை மலைப்பாதை: போகும்போது பஸ், திரும்பும்போது ரயில்

செங்கோட்டையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போகும் ரயில் பாதையைப் பார்க்க, விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் பெரும்பாலும் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி ஏமாறுகிறார்கள். அது செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதியைக் கடப்பது நள்ளிரவுக்குப் பிறகு. கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். பகலில் பார்க்க வேண்டுமானால் காலையில் தென்காசியிலிருந்து பஸ்ஸில் புனலூர் போய், பிற்பகல் கொல்லம்–சென்னை எக்ஸ்பிரஸிலோ குருவாயூர்–மதுரை எக்ஸ்பிரஸிலோ திரும்புவதே சரி. நேரம் அடிக்கடி மாறுகிறது, முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் சீக்கிரம் கிளம்புங்கள். புளியரை எஸ் வளைவில் ஜல்லி லாரிகள் வரிசை கட்டினால் எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் ரோட்டோரமே வரும். அதன் கல் வளைவுகளைக் கீழிருந்து பார்த்தால்தான் அழகு. ரயிலில் போகும்போது பாலம் காலுக்கடியில் போய்விடும். 1904-இல் மீட்டர் கேஜுக்கு, அதாவது பழைய குறுகலான தண்டவாளத்துக்குக் கட்டியது. 2010-இல் பாதையை மூடி, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தபோதும் இடிக்காமல் பலப்படுத்தியே வைத்திருக்கிறார்கள்.

புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-இல் கட்டிய தொங்குபாலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. இரு கரையிலும் கல் கோபுரம், நடுவே இரும்புச் சங்கிலி, கீழே மரப்பலகை. இப்போது நடந்து போக மட்டும்தான். மழையில் பலகை வழுக்கும்.

டிக்கெட்தான் தலைவலி. மொபைல் செயலிக்கு இந்திய எண் வேண்டும். வெளிநாட்டு சிம்மை நம்பிப் போனால் நடக்காது. கவுண்டரில் ரொக்கம் கொடுங்கள், சில்லறையாக. 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லா டிக்கெட்டுக்கு, வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த முதல் வண்டி கிளம்புவதற்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் காலையிலேயே வாங்கி வைக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறினால் அபராதம் குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி.

புனலூரில் வண்டி சும்மா நிற்பதாக நினைத்துச் சலித்துக்கொள்வார்கள். பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுகிறார்கள். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன் எஞ்சின் மட்டும் இழுத்தால் மொத்த எடையும் முன்பெட்டிகளின் இணைப்பில் விழும், ஈரத் தண்டவாளத்தில் சக்கரமும் வழுக்கும். பிரேக் குழாயை இணைத்து, காற்றழுத்தம் சரியா என்று பார்த்த பிறகே கிளம்பும். இறக்கத்திலும் அந்த எஞ்சின் பிரேக்குக்குத் துணை. பின்பெட்டியில் உட்கார்ந்தால் வளைவுகளில் வண்டியின் முன்பக்கம் முழுக்கத் தெரியும்.

49 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தென்மலை, ஆரியங்காவு தாண்டி நீண்ட குகைக்குள் நுழைந்து பகவதிபுரத்தில் வெளிவந்தால் காற்றே வேறு. மேற்கே மழை கொட்டினாலும் இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ஆனி, ஆடியில் போனால் ஜன்னலை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும், மண் சரிந்தால் வண்டியே ரத்தாகும். கார்த்திகை கழிந்து போவது உத்தமம்.

செங்கோட்டையில் மாலை திருநெல்வேலி பாசஞ்சர் உண்டு. மலை வண்டி தாமதமானால் அது காத்திருக்காது. அப்போது பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, தென்காசி போய் ஆலங்குளம் வழி திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.