கப்பலூர் பட்டறைக்கு எந்த கேம் மென்பொருள்?

மதுரையின் கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் ஒன்றிரண்டு வி.எம்.சி. (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மிஷின்), ஒரு சி.என்.சி. லேத் வைத்து ஜாப் வொர்க் எடுப்பவர்கள், மிஷின் வெட்ட வேண்டிய பாதையைக் கணக்கிட்டுத் தரும் கேம் மென்பொருள் வாங்கப் போகும்போது முதலில் கேட்பது, எது வேகமாக வெட்டும் என்பதுதான். திரையில் எல்லாமே அழகாகத்தான் வெட்டுகின்றன. தரம் பிரிவது அதற்குப் பிறகு. கேம் போட்ட பாதையை மிஷினின் மொழிக்கு மாற்றும் போஸ்ட் புராசசர் (சுருக்கமாகப் போஸ்ட்) எழுதித் தந்த ஜி-கோடு பென் டிரைவில் ஏறி நம் மிஷினின் கன்ட்ரோலுக்குள் இறங்கும்போது யார் கெட்டிக்காரர் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் தடுமாறும் மென்பொருள் எத்தனை லட்சம் பெறுமானது என்றாலும் எனக்கு வேண்டாம். கீழே நான் எடை போட்டிருப்பது அந்த ஒரு தராசில்தான்.

மதுரையைச் சுற்றி ரப்பர் பொருள் தயாரிக்கும் ஆலைகள் அதிகம். அதனால் சிறு பட்டறைகளுக்கும் ரப்பர் மோல்டு வேலை வந்துகொண்டே இருக்கும். கூடவே பேரிங் ஹவுசிங், புஷ், புல்லி, ஃபிக்சர் பிளேட். மிஷினை இயக்கும் கன்ட்ரோல், ஃபானுக் நிறுவனத்துடையது என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்து அச்சு மிஷினில் விமான உதிரிபாகம் செய்பவர்களுக்கு இந்த அலசல் உதவாது.

ஃப்யூஷன், சாலிட்கேம், மாஸ்டர்கேம் என்ற மூன்று கேம் மென்பொருள்களோடு, கையால் எழுதும் புரோகிராமையும் போட்டியில் சேர்த்தாக வேண்டும். லேத்தில் இன்றைக்கும் அதுதான் ஜெயிக்கிறது. ரஃபிங்குக்கு (முரட்டு வெட்டு) ஜி71 இரண்டு வரி, பாகத்தின் வடிவத்துக்குச் சில வரிகள், ஃபினிஷிங்குக்கு (கடைசி வெட்டு) ஜி70 ஒரு வரி, மரை போட ஜி76 இரண்டு வரி. வெட்டு ஆழம் 2 மி.மீ. அதிகம், இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) கத்துகிறது என்றால் ஆபரேட்டர் முதல் வரியிலுள்ள யு மதிப்பை 1.5 ஆக்கிவிட்டு வேலையைத் தொடரலாம். கேம் மென்பொருளை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு பாஸையும் (ஒரு முறை வெட்டிப் போவது) தனித்தனி வரிகளாக எழுதிக் கொட்டிவிடும். மிஷின் பக்கத்தில் நிற்பவரால் அதில் எதையும் தொட முடியாது. புஷ்ஷுக்கும் பின்னுக்கும் கணினியைத் திறப்பது நேர விரயம்.

வி.எம்.சி.யிலும் கை எழுத்துக்கு ஓர் இடம் உண்டு. ஓ-ரிங் மோல்டு பிளேட் ஒன்று. ஆறு வரிசை, வரிசைக்கு ஆறாக 36 கேவிட்டி (மோல்டுக் குழி). ஒவ்வொன்றும் ஃபார்ம் கட்டரால் இறங்கி ஒரு முழு வட்டம் சுற்றி ஏறும் பள்ளம். கேமில் ஒரு கேவிட்டிக்குப் பாதை போட்டு பேட்டர்ன் கொடுத்தால் அதே வரிகளை 36 முறை எழுதித் தரும். கையால் எழுதினால் ஒரு சப்-புரோகிராம், அதை எம்98 மூலம் 36 இடங்களில் அழைக்கும் ஒரு மெயின் புரோகிராம். மொத்தம் நூறு வரிக்குள் முடியும். பள்ளத்தின் ஆழத்தை 0.02 மி.மீ. கூட்ட வேண்டுமா, ஒரே ஓர் இடத்தில் திருத்தினால் போதும். சப்-புரோகிராமை ஜி91-இல் (டூல் நிற்கும் இடத்திலிருந்து அளக்கும் முறை) எழுதுபவர்கள், அதை முடிக்கும் எம்99-க்கு முன்னால் ஜி90-க்கு (பூஜ்யப் புள்ளியிலிருந்து அளக்கும் முறை) திரும்ப மறக்கக் கூடாது. மறந்தால் அடுத்த கேவிட்டிக்குப் போக வேண்டிய டூல் வேறு எங்கோ போய் நிற்கும். இன்னொன்று, புள்ளி. ஃபானுக்கில் எக்ஸ்100 என்று புள்ளியில்லாமல் எழுதினால் வழக்கமான அமைப்பில் அதற்கு 0.1 மி.மீ. என்றே பொருள். கையால் எழுதுவதன் மிகப் பெரிய ஆபத்து அதுதான். கேமின் போஸ்ட் அந்தப் புள்ளியை ஒருபோதும் விடாது.

வளைந்த பரப்பு வந்துவிட்டால் கை எழுத்து ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெல்லோஸ், மவுன்டிங், ஓரம் வளைந்த கேஸ்கெட் எல்லாம் கேம் இல்லாமல் நடக்காது. ரப்பர் வேலையில் ஒரு கூடுதல் தொல்லையும் இருக்கிறது. மோல்டிலிருந்து வெளியே வந்த ரப்பர் சுருங்கும். எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது, 1.5 சதவீதம் ஒரு கலவைக்கு, 3 சதவீதம் இன்னொன்றுக்கு. முதல் சாம்பிளை அளந்து பார்த்துவிட்டு வாடிக்கையாளர் சுருக்க அளவை மாற்றச் சொல்வது அன்றாட நடப்பு. மாடலின் அளவு மாறினால் டூல் பாதையும் தானாக மாற வேண்டும். மோல்டு பட்டறைக்கு எது பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி இதுதான்.

அதில் ஃப்யூஷனும் சாலிட்கேமும் முன்னால் நிற்கின்றன. ஃப்யூஷனில் வரைவதும் பாதை போடுவதும் ஒரே கோப்பில் நடக்கிறது. சாலிட்கேம், மாடல் வரையும் சாலிட்வொர்க்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்கிறது. இரண்டிலும் ஸ்கேலை மாற்றி, மறுகணக்கீடு கொடுத்து, போஸ்ட் செய்தால் வேலை முடிந்தது. மாஸ்டர்கேமைத் தனியாக வைத்திருப்பவர் புதிய மாடலை உள்ளே கொண்டுவந்து செயின்களையும் (தொடராக இணைத்த கோடுகள்) பரப்புகளையும் மறுபடி தேர்வு செய்ய நேரிடும். நிறைய கேவிட்டி உள்ள மோல்டில் அது அரை நாளைத் தின்றுவிடும்.

ஆனால் மாஸ்டர்கேமின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. 1983-இல் தொடங்கி வளர்ந்த மென்பொருள்; 2021-இல் சாண்ட்விக் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் பக்கத்து வாடிக்கையாளர்கள் பலர் முப்பரிமாண மாடல் தருவதில்லை. ஆட்டோகேட் கோப்பு வரும், சில நேரம் மடித்துக் கசங்கிய காகித வரைபடம் வரும். கோடுகளைச் செயின் செய்து நேரடியாகப் பாதை போடுவதில் மாஸ்டர்கேம் எனக்குக் கொடுத்த வசதியை வேறெதுவும் கொடுக்கவில்லை. எரிச்சல்களும் உண்டு. மில், லேத் தனித்தனியாக வாங்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. அக்கம்பக்கத்துப் பட்டறைகள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்போது இது பெரிய இடைஞ்சல்.

இந்த மூன்றிலும் ரஃபிங் முறை அடிப்படையில் ஒன்றுதான். ஃப்யூஷனில் அடாப்டிவ், மாஸ்டர்கேமில் டைனமிக், சாலிட்கேமில் ஐமெஷினிங். டூல் பக்கவாட்டில் கடிக்கும் அளவைச் சீராக வைத்துக்கொண்டு நீளவாக்கில் ஆழமாக வெட்டுவது. ஐமெஷினிங் மட்டும் மெட்டீரியல், டூல், மிஷின் விவரங்களைக் கேட்டுக்கொண்டு ஸ்பீடு, ஃபீடைத் தானே கணக்கிட்டுத் தருகிறது. அனுபவம் குறைந்த புரோகிராமருக்கு அது நல்ல துணை. முதல் ஜாப்பில் அதன் மெஷினிங் லெவலை (வெட்டும் தீவிரம்) குறைத்து வைத்து ஓட்டுங்கள். இ.என்.8 எஃகு பிளேட்டில் ரஃபிங் நேரத்தை மட்டும் பார்த்து இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் கிடையாது.

போஸ்ட்டுக்கு வருகிறேன். ஃப்யூஷனின் போஸ்ட்கள் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டவை, இலவசமாகக் கிடைப்பவை, யாரும் திறந்து திருத்தக்கூடியவை. மாஸ்டர்கேம் போஸ்ட்டையும் திருத்தலாம். ஆனால் அதன் ஒரு பகுதி பூட்டப்பட்டு வந்தால், விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும். விலை உயர்ந்த மென்பொருள் ஒன்றை எங்களுக்கு விற்ற விற்பனையாளர், செயல்விளக்கத்தின்போது டர்பைன் பிளேடு வெட்டிக் காட்டினார். வாங்கிய பிறகு வந்த போஸ்ட்டோ, ஒவ்வொரு டூல் மாற்றத்துக்கும் எக்ஸ், ஒய் அச்சுகளையும் ஹோமுக்கு (மிஷினின் மூல நிலை) அனுப்பியது. ஒன்பது டூல் உள்ள ஜாப்பில் மேசை ஒன்பது முறை வீணாக நடந்தது. இசட் மட்டும் மேலே போனால் போதும் என்று சொல்லி, அந்த ஒரு வரியை மாற்றி வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. சேவைக்கு ஆள் கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டியிருக்கும் ஊரில், பூட்டிய போஸ்ட்டை ஏற்றுக்கொள்ளவே கூடாது. காசோலை கொடுப்பதற்கு முன்னால், உங்கள் பிளேட்டை உங்கள் மிஷினில் வைத்து, அவர்கள் தரும் போஸ்ட்டில் ஒரு பாகம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வெட்டிக் காட்டும்போது எதைப் பார்ப்பது? வியர் காம்பன்சேஷனை, அதாவது டூலுக்கான சிறு திருத்தத்தை மிஷினிலேயே போட்டுக்கொள்ளும் வசதியைப் பாருங்கள். 6204 பேரிங் உட்காரும் ஹவுசிங்கை எடுத்துக்கொள்வோம். துளை 47 மி.மீ., துல்லிய வரம்பு எச்7. 47.000-க்குக் குறையவும் கூடாது, 47.025-ஐத் தாண்டவும் கூடாது. 12 மி.மீ. எண்ட்மில்லால் சுற்றி எடுத்த பிறகு போர் கேஜ் 46.970 காட்டுகிறது. 47.010-இல் நிறுத்த, பக்கத்துக்கு 0.02 இன்னும் எடுக்க வேண்டும். புரோகிராமில் அந்தத் திருத்தத்தை இயக்கும் ஜி41 இருந்தால் ஆபரேட்டர் அந்த டூலின் டி ஆஃப்செட்டில் (கன்ட்ரோலில் திருத்த எண் ஏறும் இடம்) மைனஸ் 0.02 போட்டு ஃபினிஷிங்கை மட்டும் மறுபடி ஓட்டுவார். இரண்டு நிமிட வேலை. இல்லையென்றால் ஜாப் வைஸிலேயே காத்திருக்க, புரோகிராமர் கணினிக்குப் போய்ப் பாதையை மாற்றி மறுபடி போஸ்ட் செய்து வர வேண்டும்.

ஃப்யூஷனில் இந்த அமைப்பு பாஸஸ் பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. நீங்கள் மாற்றாதவரை 'கணினியில்' என்றே இருக்கும். ஜி41 வரவே வராது. மாஸ்டர்கேமில் அது கண்ணுக்கு நேராகவே இருக்கிறது. இரண்டிலும் 'வியர்', 'கன்ட்ரோல்' என்று தனித்தனி முறைகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொண்டால் ஜாப் போய்விடும். 'வியர்' முறையில் டி மதிப்பு பூஜ்யத்தில் தொடங்கும், திருத்தம் மட்டுமே அதில் ஏறும். 'கன்ட்ரோல்' முறையில் டூலின் முழு ரேடியஸ், மேலே சொன்ன எண்ட்மில்லுக்கு 6, அதில் இருந்தாக வேண்டும். அதைப் பூஜ்யமாக விட்டால் டூலின் மையம் சுவர்க் கோட்டிலேயே நடந்து பக்கத்துக்கு 6 மி.மீ. கூடுதலாகத் தின்றுவிடும். புதிதாகச் சேர்ந்த தம்பி, "அண்ணே, டி-யில் ரேடியஸ் போடவா, பூஜ்யம் போடவா?" என்று கேட்டால் அது மிக நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கான விடை புரோகிராமின் தலைப்பில் குறிப்பு வரியாகவே இருக்கும்படி போஸ்ட்டைத் திருத்திவிடலாம். பட்டறை முழுவதும் 'வியர்' ஒன்றையே கடைப்பிடியுங்கள். ஜி41 தொடங்கும் நகர்வு நேர்கோடாக இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் தொடங்கினால் ஃபானுக் 34-ஆம் அலாரம் கொடுத்து நின்றுவிடும்.

கோப்பின் அளவு அடுத்த தலைவலி. பழைய ஃபானுக் கன்ட்ரோல் பலவற்றில் நினைவகம் 640 மீட்டர் டேப் நீளம், அதாவது 256 கிலோபைட்தான். முப்பரிமாண ஃபினிஷிங் புரோகிராம் சர்வ சாதாரணமாக மெகாபைட்டுகளில் வரும். எந்த மென்பொருளாக இருந்தாலும் டாலரன்ஸை (பாதை மாடலிலிருந்து விலகக்கூடிய அளவு) 0.001 என்று வைக்காதீர்கள். 0.01 போதுமான பரப்புகளே ரப்பர் மோல்டில் அதிகம். சிறு கோடுகளை ஒன்றாக்கும் ஸ்மூத்திங்கை இயக்குங்கள், வரி எண்களை நிறுத்துங்கள். கோப்பு பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். 6 மி.மீ. பால்நோஸில் (உருண்டை முனை டூல்) 0.2 மி.மீ. ஸ்டெப்ஓவர் (அடுத்தடுத்த பாதைகளின் இடைவெளி) கொடுத்தாலே சமதளத்தில் மிஞ்சும் மேடு 0.0017 மி.மீ.தான். அதற்கு மேல் நெருக்குவது மிஷின் நேரத்தைக் கொட்டுவது. கன்ட்ரோலில் வசதி இருந்தால் வரும் வரிகளை முன்கூட்டியே படித்துச் சீராக ஓட்டும் ஜி05.1 க்யூ1 வரியைப் போஸ்ட் எழுதுகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சிறு சிறு கோடுகளில் மிஷின் தத்தித் தத்திப் போகும்.

ஃப்யூஷனின் இலவசப் பதிப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது சொந்தப் பயன்பாட்டுக்கானது, கூலி வேலைக்கு அனுமதி இல்லை. 2020 அக்டோபரிலிருந்து அதில் ரேப்பிட் நகர்வு (வெட்டாமல் வேகமாக நகர்வது) ஃபீடு (வெட்டும்) வேகத்தில்தான் வருகிறது. பல டூல்களை ஒரே புரோகிராமாகவும் தராது. பட்டறைக்குச் சந்தாப் பதிப்புதான் வழி. மூன்று அச்சு மில்லிங்கும் டர்னிங்கும் அந்தச் சந்தாவிலேயே அடக்கம். எனக்கு அதில் பிடிக்காதது, தானாக வரும் அப்டேட். நேற்று இருந்த பொத்தான் இன்று வேறிடத்தில் இருக்கும். நீங்கள் திருத்திய போஸ்ட்டை உங்கள் கணினியில் தனிக் கோப்பாக வைத்து அதையே தேர்ந்தெடுங்கள். நூலகத்திலிருக்கும் புதிய போஸ்ட்டை அவசரத்தில் எடுத்துவிட்டால் உங்கள் திருத்தங்கள் எதுவும் அதில் இருக்காது.

ஆள் விஷயத்தையும் விட முடியாது. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்கள் வேலை கற்றதும் கோவைக்கோ ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுகிறார்கள். நல்ல சம்பளம் தேடிப் போவது அவர்கள் உரிமை. மாஸ்டர்கேம் தெரிந்தவரைத் தேடினால் கிடைப்பார். பயிற்சி மையங்கள் அதைக் கற்றுத்தருகின்றன. ஃப்யூஷன் தெரியாதவரும் வீடியோ பார்த்துச் சீக்கிரம் பழகிவிடுகிறார். சாலிட்கேம் தெரிந்தவர் போய்விட்டால் அடுத்தவரைப் பிடிப்பதுதான் கடினம்.

என் தேர்வு இதுதான். மோல்டு வேலையே பிரதானமாக இருந்து சாலிட்வொர்க்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர் சாலிட்கேம் எடுக்கலாம். காகித வரைபடத்திலிருந்து பிளேட், ஹவுசிங் என்று கலந்து செய்பவருக்கு, முதல் இருந்தால், மாஸ்டர்கேம். மற்ற எல்லோருக்கும் ஃப்யூஷன் சந்தா. லேத்துக்கு எதுவும் வேண்டாம்.

சந்தாவும் கட்ட முடியாத நிலையில் ஒற்றை மிஷினோடு தொடங்குபவர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. 2024 நவம்பரில் 1.0 பதிப்பை எட்டிய ஃப்ரீகேட் இருக்கிறது. முற்றிலும் இலவசம், வணிகத்துக்கும் அனுமதி உண்டு, போஸ்ட்கள் பைத்தானில் திறந்தே கிடக்கின்றன. துளை, பாக்கெட், ப்ரொஃபைல் வரை அதை நம்பலாம். முப்பரிமாண ஃபினிஷிங்குக்கு அது போதாது. அப்படி ஒரு மோல்டு வந்தால் மாடலை ஸ்டெப் கோப்பாக (மென்பொருள்களுக்கிடையே மாற்றிக்கொள்ளும் பொது வடிவம்) மாற்றி, ஃப்யூஷனுக்கு அந்த ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். அந்தத் தொகையை மோல்டின் விலைப்புள்ளியிலேயே சேர்த்துவிடலாம்.