‘ஏர்லைன் அப்ரூவ்டு’ ஸ்டிக்கரை நம்பி பேட்டரி வீல்சேர் வாங்காதீர்கள்

விமானத்தில் கொண்டுபோகலாம் என்று மடக்கு பேட்டரி வீல்சேர் தேடுகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வீல்சேர்களை அளவெடுத்துப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் எங்கள் வேலை. அண்மையில் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறோம். விற்றவர் பெயரைப் போடவில்லை. அதே சரக்கு வெவ்வேறு பிராண்டு பெயரில் பல இடங்களில் கிடைப்பதால், ஒருவரைத் தவிர்ப்பதால் மட்டும் தப்பிவிட முடியாது.

விளம்பரத்தில் இருந்தது இது: 24 வோல்ட், 12 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி, கையால் கழற்றலாம், மொத்த எடை 23 கிலோ, ‘ஏர்லைன் அப்ரூவ்டு’. விலை 68,000 ரூபாய். வாங்கியவர் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். செக்-இன் கவுண்டரில் பேட்டரியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றும் கொக்கியே இல்லை. சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடியும் நான்கு ஸ்க்ரூவும்தான் இருந்தன. மூடிமேல் ஒட்டிய ஸ்டிக்கரில் வாட்-ஹவர் கணக்கு (வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வருவது) கிடையாது. வண்டியை ஏற்ற மறுத்துவிட்டார்கள். விற்றவரைக் கேட்டால், ஊழியருக்கு விதி தெரியவில்லை என்று பழியை அங்கே தள்ளினார். திருப்பித் தரப்போனால் ‘பயன்படுத்திய பொருள், ரிட்டர்ன் இல்லை’ என்றார்.

மூடியைத் திறந்தோம். பேட்டரி பொதிந்த நீல உறைமேல் ‘12 ஏ.ஹெச்.’ என்று வெள்ளை ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் கிளப்பினால் கீழே உறையிலேயே அச்சடித்திருந்தது 20 ஏ.ஹெச். 24 × 20 = 480 வாட்-ஹவர். கழற்றும் வகை பேட்டரிக்கு விமானத்தில் உள்ள உச்சவரம்பு 300. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று எங்களால் ஏற்க முடியவில்லை. தெரிந்தேதான் மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீல்சேருக்கு ‘ஏர்லைன் அப்ரூவ்டு’ என்று முத்திரை குத்தித் தரும் அமைப்பு எதுவும் இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வும் தருவதில்லை, நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வும் தருவதில்லை. அந்தந்த விமான நிறுவனம் பேட்டரியின் விவரத்தைப் பார்த்து அந்தப் பயணத்துக்கு அனுமதி தருகிறது, அவ்வளவுதான். அவர்கள் பார்ப்பது: பேட்டரி எந்த வகை, எத்தனை வாட்-ஹவர், கழற்றும் வகையா பொருத்தியே இருப்பதா, ஷார்ட் ஆகாமல் பாதுகாப்பு இருக்கிறதா, லித்தியம் பேட்டரியை எடுத்துச் செல்வது பாதுகாப்பானதா என்று பார்க்கும் யு.என். 38.3 சோதனையில் தேறியதா. கழற்றும்படி வடிவமைத்த மடக்கு வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றி, முனைகளை மூடி, தனி உறையில் போட்டு, கேபினுக்குள் நீங்களே எடுத்துப் போக வேண்டும். ஒரு பேட்டரியில் ஓடும் வண்டிக்கு 300 வாட்-ஹவர். இரண்டும் இருந்தால்தான் ஓடும் என்றால் தலா 160. பேட்டரி உள்ளேயே உறுதியாகப் பொருத்தியிருந்தால் இந்த 300 கணக்கு கிடையாது, வண்டியோடு சேர்த்தே கார்கோ பகுதியில் ஏற்றுவார்கள். ஆனால் அதற்கும் விவரத்தாள் வேண்டும். லேபிளும் இல்லாமல் தாளும் இல்லாமல் நின்றால் எந்த ஊழியரும் கையெழுத்துப் போடமாட்டார்.

இனி சொல்லப்போகும் கணக்கில்தான் நேர்மையான விற்பனையாளர்களும் தவறு செய்கிறார்கள். ‘24 வோல்ட்’ என்பது வழக்கில் சொல்லும் எண். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏழு லித்தியம்-அயான் செல்களின் தொடர், ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று 25.2. இரும்பு-பாஸ்பேட் வகை என்றால் எட்டு செல், 25.6. 24 × 12 போட்டால் 288, வரம்புக்குள். 25.2 × 12 போட்டால் 302.4, வரம்புக்கு வெளியே. லேபிளில் 25.2 என்று அச்சடித்திருந்தால் கவுண்டரில் இருப்பவர் அதைத்தான் பெருக்குவார். அதனால் விமானத்துக்கென்றே வாங்குகிறவர்கள் 10 ஆம்பியர்-ஹவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: 252 வாட்-ஹவர், எந்த வோல்ட்டைப் பெருக்கினாலும் வம்பு வராது. தூரம் போதாது என்றால் இரண்டாவதை உதிரியாக வைத்துக்கொள்ளலாம். 300-க்குள் ஒரு உதிரி, அல்லது 160-க்குள் இரண்டு உதிரி, விதி இடம் தருகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியது பேட்டரி உறைமேல் நேரடியாக அச்சடித்த லேபிளின் போட்டோ. வண்டியின் ஃபிரேமில் ஒட்டிய ஸ்டிக்கர் போதாது. யு.என். 38.3 சோதனைச் சுருக்கத்தையும் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு பேட்டரியின் தாளை அனுப்பி வைக்கிறவர்கள் உண்டு. பார்சல் வந்ததும் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். பேட்டரியைச் சமையலறைத் தராசில் வையுங்கள். 10-12 ஆம்பியர்-ஹவர் லித்தியம்-அயான் பேக் சுமார் இரண்டு, இரண்டரை கிலோ இருக்கும். எட்டு கிலோவை நெருங்கினால் லித்தியம் என்று சொல்லி ஈயப் பேட்டரியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். பில்லில் எச்.எஸ்.என். (வரிக்கான பொருள் வகை எண்) 8713, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். வேறு தலைப்பில் கூடுதல் வரி போட்டிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

விளம்பர எடையிலும் ஏமாற்று உண்டு. மேலே சொன்ன வண்டியின் ‘23 கிலோ’ பேட்டரியும் கால்தாங்கியும் இல்லாத எடை. எல்லாம் சேர்த்து 29 கிலோ. கார் டிக்கியில் ஒருவராகத் தூக்கி வைக்கப்போகிறவருக்கு இந்த ஆறு கிலோ பெரிய விஷயம்.

டிக்கெட் போட்டதும் விமான நிறுவனத்துக்கு, புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். ‘வீல்சேர் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் டபிள்யூ.சி.எச்.ஆர். என்ற உதவிக் குறியீட்டைப் பதிந்துவிடுவார்கள். அது படி ஏறக்கூடியவருக்கு. படி ஏற முடியாது, உள்ளே சில அடி நடக்கலாம் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். நடக்கவே முடியாது, இருக்கை வரை தூக்கி வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. இந்தக் கடைசிக் குறியீடு இல்லாவிட்டால் விமானத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே தள்ளிப்போகும் குறுகலான ஐல்-சேரும், தூக்க ஆளும் வாசலில் இருக்கமாட்டார்கள். 2024 பிப்ரவரியில் மும்பையில் வீல்சேர் கிடைக்காமல் நடந்துபோன முதியவர் ஒருவர் உயிரிழந்ததற்காக டி.ஜி.சி.ஏ. விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை.

வண்டியை ஒப்படைக்கும்போது ஜாய்ஸ்டிக்கையும் குஷனையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் உடைவது ஜாய்ஸ்டிக்தான். இரண்டு மோட்டாரிலும் உள்ள ஃப்ரீ-வீல் லீவரை (பிரேக்கை விடுவித்து வண்டியைக் கையால் தள்ள உதவுவது) காட்டும் போட்டோவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டு வரியோடு கைப்பிடியில் கட்டுங்கள். லீவர் தெரியாத ஊழியர்கள் மின்காந்த பிரேக் பிடித்த வண்டியை இழுத்துக்கொண்டு போவதில்தான் கியர் தேய்கிறது. சேதம் கண்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் எழுத்துப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பன்னாட்டுப் பயணத்தில் 7 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும், இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). உள்நாட்டில் வெறும் 20,000 ரூபாய். 68,000 ரூபாய் வண்டிக்கு இது எந்த மூலைக்கு? ஏற்றும் முன்பே சிறப்பு மதிப்பு அறிவிப்பு, அதாவது வண்டியின் மதிப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதை, ஏற்பார்களா என்று கேளுங்கள்.

இதே மடக்கு வண்டிகளை வெள்ளம், புயல் நிவாரணத்துக்கு மொத்தமாக வாங்கிக் கொடுக்கும் நல்ல உள்ளங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. நிவாரண முகாமில் கரண்ட் இருக்காது. 2 ஆம்பியர் சார்ஜரில் 12 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நிரம்ப ஆறேழு மணி நேரம் ஆகும். கையால் தள்ளும் வண்டிதான் அங்கே உதவும். அதிலும் 18 அங்குலம் ஒரே அளவாக, துணி சீட்டோடு, குஷன் இல்லாமல் கொடுத்தால் தண்டுவடம் அடிபட்டவருக்குச் சில நாளிலேயே படுக்கைப்புண் வந்துவிடும். அவருக்கு வலி தெரியாது, புண் எலும்பைத் தொட்ட பிறகுதான் வீட்டார் பார்ப்பார்கள். 2001 பூஜ், 2005 காஷ்மீர் நிலநடுக்கங்களில் தண்டுவடம் அடிபட்டவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வீல்சேர் வழிகாட்டியும் அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி, பின்தொடர்தல் இவற்றோடுதான் வண்டி கொடுக்கச் சொல்கிறது. சீட் அகலம் இடுப்பு அகலத்துக்கு ஒட்டியபடி, ஆழம் முழங்கால் மடிப்புக்கு மூன்று முதல் ஆறு சென்டிமீட்டர் முன்னதாக முடியும்படி, கால்தாங்கி தரையிலிருந்து குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் மேலே. ஒரு இஞ்ச் டேப் போதும். கூடவே குஷனும் வேண்டும்.

வெள்ளத்துக்குப் பிறகு ‘ரீஃபர்பிஷ்டு’ என்று மலிவாக வரும் பேட்டரி வண்டிகளில் உஷாராக இருங்கள். முன்சக்கர பேரிங்கைச் சுழற்றினால் மணல் அரைபடும் சத்தம், ஃபிரேம் குழாயின் வாயில் காய்ந்த வண்டல், கனெக்டர் ஊசிகளில் பச்சைக் களிம்பு: மூன்றில் ஒன்று இருந்தாலும் அது நீரில் மூழ்கி வந்த வண்டியாக இருக்கலாம்.

ஏமாந்துவிட்டிருந்தால் அன்பாக்ஸிங் வீடியோ, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், லேபிள் போட்டோ, விமான நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் நான்கையும் சேர்த்து முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ருதி தளம் வழியாக மனு போடலாம். 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். மறுப்பை வாய்மொழியாகச் சொன்னால் கவுண்டரை விட்டு நகராமல் எழுதி வாங்குங்கள்.

உங்கள் சொந்த பேட்டரி வண்டி வெள்ளத்தில் நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். நனைந்த லித்தியம் பேட்டரி சில நாள் கழித்தும் தீப்பிடிக்கும். கழற்ற முடிந்தால் கழற்றி, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத வெறும் தரையில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.