சென்னைக்கா, சிவகாசிக்கா, கிண்டிலுக்கா: முதல் நாவல் போகும் வழி

திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு முதல் நாவலைப் புத்தகமாக்க நினைப்பவருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பதிப்பகம் ஒன்று தன் செலவில் போடுவது. நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத்தரும் நிறுவனத்திடம் போவது. நாமே பதிப்பாளராகி அச்சகத்தில் கொடுப்பது. அமேசானின் கிண்டிலில் மின்நூலாக ஏற்றுவது. என் முதல் நாவல் மூன்றாவது வழியில் வந்தது. முதல் வழியில் பாதி தூரம் போய்த் திரும்பினேன், இரண்டாவது வழியில் விலைப்பட்டியலைப் பார்த்ததோடு நின்றேன், நான்காவதைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு தெரியத்தான் செய்யும்.

பதிப்புத் தொழில் இந்த ஊருக்குப் புதிதில்லை. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் தொடங்கியது திருநெல்வேலியில்தான். சங்க நூல்களையும் சமய நூல்களையும் வீடுவீடாகக் கொண்டுசேர்த்த கழகம் பிறந்த ஊரில், ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டியிருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான்கு வழிகளிடமும் இரண்டே கேள்விகளைக் கேட்டால் போதும் என்பது என் எண்ணம். கையெழுத்துப் பிரதியைப் பென்சிலோடு உட்கார்ந்து படிக்கப்போவது யார்? அச்சான கட்டுகளைச் சுமந்துபோய் விற்கப்போவது யார்? பணக் கணக்கு இந்த இரண்டுக்கும் பின்னால்தான் வரும்.

ஒப்பிட வசதியாக ஒரே புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். டெம்மி என்னும் வழக்கமான நாவல் அளவு, 240 பக்கம், அதாவது ஒரே தாளில் பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகும் பாரம் பதினைந்து. விலை 300 ரூபாய். முதல் பதிப்பு 300 பிரதிகள். ஒரு காலத்தில் ஆயிரத்துக்குக் குறைந்து அச்சடிக்க மாட்டார்கள். இப்போது முதல் நாவலுக்கு 300 என்பதே தாராளம்.

பதிப்பகம் போட்டால்

நம் கையிலிருந்து ஒரு பைசா போகாது. வழக்கமான உரிமைத் தொகை விற்பனை விலையில் 10 விழுக்காடு. பிரதிக்கு 30 ரூபாய், மொத்தமும் விற்றால் 9,000 ரூபாய். அதுவும் ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு. நாவல் எழுதிப் பிழைக்கலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால் இந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

காத்திருப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பகங்களின் நாள்காட்டி பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே ஓடுகிறது. 1977இல் தொடங்கிய வழக்கம், இன்று தொழிலையே அது நடத்துகிறது. புதிய தலைப்புகளில் பெரும்பகுதி டிசம்பரில் அவசர அவசரமாக அச்சேறும். அக்டோபரில் அனுப்பும் பிரதி அந்த நெரிசலில் சிக்கும். சித்திரை, வைகாசியில் அனுப்பினால் யாராவது நிதானமாகப் படிக்க வாய்ப்புண்டு.

அப்படி ஒருவர் படித்தால் அதற்கு ஈடு கிடையாது. என் நாவலின் தொடக்கத்தில் ஒரு கல்யாண வீட்டு அத்தியாயம் இருந்தது. பந்திப் பரிமாறலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு வரை எல்லாம் உண்டு, கதை மட்டும் நகராது. அதைத் தூக்கச் சொன்னது ஒரு பதிப்பகத்தின் எடிட்டர். ஊரில் அந்த அத்தியாயத்தைப் படித்த உறவுக்காரர்கள் எல்லாரும் பிரமாதம் என்றிருந்தார்கள். அதில் பாதிப் பேர் அதற்குள் பாத்திரங்களாக இருந்தார்கள். எடிட்டர் சொன்னதுதான் சரி. நாவல் என்றால் ஊரைக் கொட்டிக் கவிழ்ப்பது என்ற மயக்கம் முதல் நாவலில் யாருக்கும் வரும். ஊருக்கு வெளியே இருக்கும் கண்தான் அதைத் தெளியவைக்கும்.

அதே கண் வேறோர் இடத்தில் இடறியது. மெய்ப்பு, அதாவது பிழை திருத்திய அச்சுப்படி, திரும்பி வந்தபோது, சேரன்மகாதேவி வயல்காட்டில் நின்று பேசும் ஆள் "சொல்லுதான்" என்பதற்குப் பதில் "சொல்கிறான்" என்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தான். "வாறாவ" எல்லாம் "வருகிறார்கள்" ஆகியிருந்தது. மெய்ப்பு பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்த வேலை பிழை திருத்துவது, அவர் கண்ணுக்கு அது பிழை. திருநெல்வேலி வழக்கில் எழுதுபவர்கள் பிரதியோடு ஒரு பக்கக் குறிப்பைச் சேர்த்தே அனுப்ப வேண்டும்: உரையாடலில் இந்த வினைவடிவங்கள் இப்படியே இருக்கட்டும், இந்த உறவுப்பெயர்களுக்கு அடிக்குறிப்பு வேண்டாம் என்று. உள்ளூர் அச்சகத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அங்கே யாரும் எதையும் திருத்துவதில்லை, உண்மையான பிழைகள் உட்பட.

நான் திரும்பி வந்தது மெய்ப்பினால் அல்ல, ஒப்பந்தத்தினால். அச்சு, மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று அத்தனை உரிமையும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வேண்டும் என்று கேட்டார்கள். இந்தியச் சட்டப்படி அது ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு. பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும்! 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை முதல் நூல் ஆசிரியர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிராத வரை, அது காலாவதியாகிவிடும். கறாராகப் பேசும் பதிப்பகமும் அச்சுரிமை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் என்றால் பல நேரம் இறங்கி வரும். கேட்கக் கூச்சப்படுவது நம் பக்கத்து வியாதி.

பணம் வாங்கிப் போடுபவர்கள்

இதை விரைவாகக் கடந்துவிடலாம். வெள்ளி, தங்கம், வைரம் என்று நகைக்கடைச் சீட்டு மாதிரி திட்டங்கள் வைத்திருப்பார்கள். பட்டியலில் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணுக்கு ஒரு தொகை இருக்கும். இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆசிரியரே தன் பெயரில் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். "உலகம் முழுவதும் கிடைக்கும்" என்பதற்குப் பொருள், இணையக் கடையில் ஒரு பக்கம் திறப்பார்கள் என்பது. எவராவது கேட்டால் அப்போது ஒரு பிரதி அச்சடிப்பார்கள். பென்சிலோடு படிக்க ஆளில்லை, கட்டைச் சுமக்கவும் ஆளில்லை, பணம் மட்டும் நம்முடையது. அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அவருடைய நினைவுக் குறிப்புகளை இருபத்தைந்து பிரதி போட வேண்டும் என்றால் இது வசதியான ஏற்பாடு. நாவலுக்கு வேண்டாம்.

நாமே அச்சிட்டால்

பாளையங்கோட்டையில் நல்ல அச்சகங்கள் உண்டு. ஆனால் எண்ணிக்கை கூடினால் கண் தானாகச் சிவகாசிப் பக்கம் போகும். ஆஃப்செட்டில் பாரத்துக்குப் பாரம் பிளேட், அதாவது அச்சுத்தகடு, போட்டாக வேண்டும்; அந்தச் செலவு நூறு பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரத்துக்கும் ஒன்றுதான். டிஜிட்டல் அச்சில் பிளேட் கிடையாது, பிரதிக்கான விலை பெரிதாக இறங்கவும் இறங்காது. நூறுக்குள் என்றால் டிஜிட்டல், ஐந்நூறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஆஃப்செட். இடையில் உள்ள எண்களுக்கு இரண்டு பக்கமும் விலை கேட்க வேண்டும்.

தட்டச்சு, அட்டை, தாள், பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 110 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதிக்கு 33,000 ரூபாய். கடைக்காரருக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் கைக்கு வருவது 180. போட்ட பணம் திரும்ப 184 பிரதிகள் விற்க வேண்டும். நேரில் முழு விலைக்கு விற்றால் 110 பிரதி போதும். பாதி நேரில், பாதி கடையில் என்று முழுவதும் தீர்ந்தால் 39,000 ரூபாய் மிஞ்சும். பதிப்பகம் தரும் 9,000த்தோடு ஒப்பிட்டால் ஆசை வரும். தீர்ந்தால் என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

ஏனென்றால் பதிப்பாளர் வேலை பார்சல் சர்வீஸிலிருந்து கட்டுகளை எடுத்து வரும் நாளில்தான் தொடங்குகிறது. கடைகளில் "விற்றால் பணம்" என்ற ஏற்பாட்டில்தான் வைத்துக்கொள்வார்கள். வண்ணாரப்பேட்டையில் ஐந்து, டவுனில் ஐந்து, தென்காசியில் ஐந்து என்று கொடுத்துவிட்டு வந்தால், பணம் வாங்க நாமே போய் நிற்க வேண்டும். ஒரு டீக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவை அந்த ஐந்து பிரதியின் லாபத்தில் கழித்துப் பார்ப்பது மனதுக்கு நல்லதல்ல. பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது பழக்கமான அரங்கு ஒன்றில் பத்துப் பிரதி வைக்க இடம் கேட்கலாம். அங்கே கண்ணெதிரே விற்பனை நடப்பதால் கணக்கும் உடனே முடிந்துவிடும்.

தபால் இன்னொரு கதை. நூல்களுக்காக 2025 மே மாதம் அஞ்சல் துறை தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. நம்முடைய 240 பக்கப் புத்தகத்தை 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் போட்டால் எடை 270, 280 கிராமுக்கு வந்துவிடும். தடித்த அட்டைப் பெட்டியில் வைத்தால் அடுத்த கட்டணப் படிக்குத் தாவிவிடும், பழுப்புத் தாளில் சுற்றினால் தப்பிக்கலாம். தாளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். கல்வி, சமூக, பண்பாட்டு நூல்களுக்கான சலுகை இது என்பதால் அஞ்சலகத்தில் முதலில் பேசிவிடுவது உத்தமம்.

வெளியீட்டு விழாதான் ஒரே நாளில் அதிகம் விற்கும் இடம். நம் பக்கத்தில் வெளியீட்டு விழாவுக்கு வருபவர்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள், முன் வரிசையில் உட்கார்ந்தவர்களைத் தவிர. "அண்ணாச்சி, நமக்கெல்லாம் ஒரு புத்தகம் கிடையாதா?" என்று கேட்கும் நெருங்கிய உறவினர்களுக்கென்றே இருபது பிரதிகளை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிட வேண்டும். இவை போக, பதிப்பாளர் என்ற முறையில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதிகள் அனுப்ப வேண்டும். பலர் அனுப்புவதில்லை. நூறு ஆண்டு கழித்து யாராவது தேடினால் கிடைக்கும் இடம் அதுதான் என்பதால் அனுப்பிவிடுங்கள். பொது நூலகத் துறை வாங்கும் ஆணை கிடைத்தால் எல்லாக் கணக்கும் மாறும், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

பென்சில் கேள்விக்கு வருவோம். அச்சகம் எடிட் செய்யாது. அந்த 33,000த்துக்கு மேல் ஒரு தொகையை நல்ல எடிட்டருக்கும் தனியாக ஒரு மெய்ப்புப் பார்ப்பவருக்கும் ஒதுக்க முடியாதவர் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே மேல். நண்பர்களிடம் கொடுத்தால் அவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு நட்பைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

கிண்டில்

2016 இறுதியில் தமிழுக்கு வந்த இந்தக் கதவில் கட்டும் இல்லை, கடையும் இல்லை. மின்நூலுக்கு 100 ரூபாய் விலை வைத்து 70 விழுக்காடு உரிமைத் தொகை தரும் திட்டத்தில் சேர்ந்தால், வரியும் கோப்பின் அளவுக்கேற்ற சிறு கழிவும் போக நமக்கு வருவது, பதிப்பகம் 300 ரூபாய்ப் புத்தகத்துக்குத் தரும் 30 ரூபாயைவிட நிச்சயம் அதிகம். இந்திய விற்பனைக்கு அந்த 70 வேண்டுமென்றால் மின்வடிவத்தை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் ஏற்பாட்டில் சேர வேண்டும்; சேர்ந்தால் தொண்ணூறு நாள் தவணைகளில் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. சேராவிட்டால் 35 விழுக்காடு. பிழை கண்ணில் பட்டால் மறுநாளே திருத்தி ஏற்றலாம் என்பது அச்சில் நினைத்தும் பார்க்க முடியாத சுகம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கல்லிடைக்குறிச்சியில் நாவல் படிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கிண்டிலில் படிக்க மாட்டார். விமர்சனம் எழுதுபவர்கள், பரிசுக் குழுக்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் எல்லாருக்கும் இன்னமும் தாள் வேண்டும். மின்நூலாக மட்டும் வந்த முதல் நாவலைப் பற்றி ஊரில், "இன்னும் புத்தகமாக வரவில்லையோ?" என்றுதான் விசாரிப்பார்கள்.

அச்சையும் கிண்டிலையும் சேர்த்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல அச்சகங்கள் பக்க வடிவமைப்பின்போது யூனிகோடை விட்டுப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடுகின்றன. அதன் பிறகு மெய்ப்பில் செய்யும் திருத்தமெல்லாம் அவர்களுடைய கோப்பில்தான் இருக்கும். நம்மிடம் உள்ளது திருத்தாத பிரதி. அதை அப்படியே கிண்டிலில் ஏற்றினால் நீக்கிய பிழைகள் எல்லாம் உயிர்த்தெழும். ஒவ்வொரு திருத்தத்தையும் அன்றன்றைக்கே நம் யூனிகோடு கோப்பிலும் போட்டுவர வேண்டும்.

எது?

நேரமும் அலையத் தெம்பும் எடிட்டருக்குக் கொடுக்கப் பணமும் உள்ளவர், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர் என்றால் சொந்தமாக அச்சிடலாம். ஆனால் 150 பிரதிக்கு மேல் முதலில் வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டு, கட்டைத் தூக்கத் தெம்பில்லாதவருக்குப் பதிப்பகம்தான். பதிப்பகங்கள் ஓராண்டாகப் பதிலே சொல்லவில்லை, கையிலும் காசில்லை என்றால் கிண்டில், அதுவும் மெய்ப்புப் பார்த்த பிறகு. வைரத் திட்டத்துக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனமில்லை.

என் இரண்டாவது நாவல் முடிந்ததும் பதிப்பகத்துக்குத்தான் அனுப்புவேன், சித்திரை மாதத்தில், வழக்குச் சொற்களுக்கான ஒரு பக்கக் குறிப்போடு. அச்சுரிமை மட்டும், ஐந்தாண்டு மட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் சிவகாசிக்குப் போன் செய்து தாள் விலை கேட்பேன்.